பி0301: மிஸ் அடிக்கும் வண்டிக்கு ஒரு செலவுக் கணக்கு

டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் போட்டால் பி0301 என்று வருகிறது. இந்த ஒரே கோளாறுக்கு 15,590 ரூபாய்க்கும் எஸ்டிமேட் எழுதலாம். 3,180 ரூபாயிலும் வேலையை முடிக்கலாம். இரண்டிலும் விளக்கு அணையும், வண்டி பழையபடி இழுக்கும். நடுவில் இருக்கும் 12,410 ரூபாய் எந்த வரியில் போகிறது என்று பார்ப்போம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். பி.எஸ்.4 காலத்தது, 70,000 கிலோமீட்டர் ஓடியது. நம் சாலைகளில் எங்கு திரும்பினாலும் தென்படும் ரகம். கீழே வரும் விலைகள் எல்லாம் இந்த ரகச் சிறு காருக்கு வரி சேர்த்துச் சுமாராகப் போட்டவை; மாடலைப் பொறுத்து முன்பின் இருக்கும். ஆனால் இரண்டு தாளுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது.

முதல் தாள் இப்படி இருக்கும்:

இக்னிஷன் காயில் 4, தலா 1,770 ரூபாய்: 7,080
ஸ்பார்க் பிளக் 4, தலா 140 ரூபாய்: 560
இன்ஜெக்டர் கிளீனிங்: 1,800
த்ராட்டில் பாடி கிளீனிங்: 1,200
டேங்கில் ஊற்றும் மருந்து: 450
இன்ஜின் டீகார்பனைசிங்: 2,500
லேபர்: 1,500
ஸ்கேனிங்: 500
மொத்தம்: 15,590

இரண்டாவது தாளில் நாலே வரிதான். ஸ்கேனிங் 500, காயில் ஒன்று 1,770, பிளக் நான்கு 560, லேபர் 350. மொத்தம் 3,180.

முதல் தாளை எழுதியவர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தாளில் இருக்கும் எந்த வேலையும் வண்டிக்குக் கெடுதல் செய்யாது. எட்டு வரிகளில் ஒன்று எப்படியும் கோளாறைச் சரிசெய்துவிடும் என்பதுதான் அதன் தர்க்கம். எது சரிசெய்தது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கண்டுபிடிக்கும் வேலையைச் செய்யாமல் அதற்கு ஈடாகப் பாகங்களை விற்பது என்று இதைச் சொல்லலாம்.

கோடு என்ன சொல்கிறது? ஐந்து எழுத்தில் முதலில் வரும் ‘பி’ இன்ஜின், கியர் பக்கத்தைக் குறிக்கும். அடுத்த 0, இது எல்லாக் கார் நிறுவனத்துக்கும் பொதுவான எண் என்பதற்கு அடையாளம். அந்த இடத்தில் 1 இருந்தால் அந்தந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட எண். மூன்றாவதாக வரும் 3, தீப்பொறி மற்றும் மிஸ்ஃபயர் வகை. கடைசி 01, முதல் சிலிண்டர். ஆக, முதல் சிலிண்டரில் எரிய வேண்டியது எரியவில்லை என்பதோடு கோடு நின்றுவிடுகிறது. காயில் போயிற்று என்றோ பிளக் போயிற்று என்றோ அதில் எங்கும் இல்லை. எரிவதற்குப் பொறி, பெட்ரோல், காற்று, அழுத்தம் நான்கும் வேண்டும். நான்கில் எது குறைந்தாலும் இதே எண்தான் வரும். பி0300 வந்தால் நிலைமை இன்னும் பொதுவானது: எந்த சிலிண்டர் என்றுகூடச் சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு காயிலைச் சந்தேகிப்பதைவிட, நான்குக்கும் பொதுவான பெட்ரோல் அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் முதலில் பார்ப்பதே முறை.

எரியவில்லை என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது என்பது இந்தக் கணக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிலிண்டருக்குள் கேமரா எதுவும் இல்லை. கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. பல இன்ஜின்களில் அதில் 60 பல்லுக்கு இடம் விட்டு, 58 பல் மட்டும் வெட்டியிருப்பார்கள். விடுபட்ட இரண்டு பல்லின் இடம்தான் சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். பல்லுக்குப் பல் 6 டிகிரி. இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 50 சுற்று, அதாவது 18,000 டிகிரி. ஒரு பல் சென்சாரைக் கடக்க ஒரு மில்லி நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். நான்கு சிலிண்டரும் 180 டிகிரிக்கு ஒன்றாக முறை வைத்து எரிகின்றன. 10 மில்லி நொடிக்கு ஒரு தள்ளல், நொடிக்கு 100 தள்ளல். இதில் முதல் சிலிண்டரின் முறை வரும்போது தள்ளல் வராவிட்டால் அந்த 180 டிகிரியைக் கடக்க கிராங்க் துளி அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் துளி நேரத்தைத்தான் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் குதித்தாலும் கிராங்க் வேகம் இப்படித் தடுமாறும் என்பதால், பல கார்களில் ஏ.பி.எஸ். சக்கர சென்சாரையும் கேட்டுவிட்டுத்தான் மிஸ்ஃபயர் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது.

எண்ணுவதற்கு இரண்டு பேரேடு உண்டு. ஒன்று 1,000 சுற்றுக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பது. 1,000 சுற்றில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 2,000 தள்ளல். அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறினாலே, அதாவது 20, 40 தவறினாலே, புகை அளவு எல்லை மீறும் என்று கணக்கில் எழுதப்படும். அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அப்படி நடந்தால் விளக்கு நிலையாக எரியும். இன்னொன்று 200 சுற்றுக்கு ஒருமுறை கூட்டுவது. 3,000 ஆர்.பி.எம்.மில் இது வெறும் 4 நொடி. இந்தச் சிறு கணக்கில் தவறல் அதிகமாக இருந்தால் விளக்கு நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்பது அந்தச் சிமிட்டலின் பொருள். ஒரு சிலிண்டர் முழுதாகச் செத்திருந்தால் 400 தள்ளலில் 100 தவறும், 25 சதவீதம். நிலையாக எரிந்தால் வார இறுதி வரை காத்திருக்கலாம். சிமிட்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்துவதுதான் மலிவு. ஏன் மலிவு என்பதற்கான கணக்கு பின்னால் வருகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் காற்று மாசுக்காக வந்தது. கார் வைத்திருப்பவரின் பணத்தைக் காப்பாற்ற வந்ததல்ல. கலிஃபோர்னியா 1988 மாடல் கார்களுக்கு முதல் வடிவத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா முழுவதும் 1996 மாடல் முதல் இன்றைய பொது வடிவம் வந்தது; ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. நமக்கு பி.எஸ்.4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதற்கும் முன்பே வந்துவிட்டது: 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. ஈயமில்லா பெட்ரோல் பங்குக்கு வந்ததும் அப்போதுதான்.

இனி சோதனைச் செலவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் ஒன்று இருக்கும். 16ஆம் முனையில் 12 வோல்ட், 4, 5ஆம் முனைகள் எர்த், 6, 14ஆம் முனைகளில் தகவல். புளூடூத்தில் மொபைலோடு பேசும் சின்ன ஸ்கேனர் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மெக்கானிக் கடையில் ஒருமுறை ஸ்கேன் போட 300 முதல் 500 வரை. இரண்டு முறை கடைக்குப் போகும் காசில் சொந்த ஸ்கேனர் வந்துவிடும். ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் போய்விட்டதாக யாராவது பயமுறுத்துவதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் 16ஆம் முனைக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான்; சார்ஜர் செருகி அது போயிருக்கும். அந்த ஃபியூஸ் 10 ரூபாய்.

ஸ்கேன் போட்டதும் கோடை அழித்துவிடுவது நம் கடைகளின் பழக்கம். அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு நடந்த நொடியில் ஆர்.பி.எம். எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, எத்தனை சதவீத லோடு என்று அதில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். 2,800 ஆர்.பி.எம்., 80 சதவீத லோடு என்று இருந்தால் மேம்பாலம் ஏறும்போதோ ஓவர்டேக் எடுக்கும்போதோ மிஸ் அடித்திருக்கிறது என்று பொருள். சந்தேகம் பொறியின் பக்கம் சாயும். திறந்த வெளிக் காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்தத் தேவை பல மடங்காகிறது. அதற்காகத்தான் காயில் 12 வோல்ட்டை 20,000 முதல் 40,000 வோல்ட் வரை உயர்த்துகிறது. தளர்ந்த காயில் ஐடிலில் நன்றாகவே வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் தோற்கும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நடுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் காற்றுக் கசிவு, வால்வு, இன்ஜெக்டர் என்று பார்வை வேறு பக்கம் போக வேண்டும்.

அடுத்த சோதனைக்குச் செலவு பூஜ்யம். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடு, மூன்றாவதை முதலில் போடு. காயிலுக்கு ஒரு 10 மி.மீ. போல்ட், ஒரு கப்ளர், அவ்வளவுதான். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை. பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் செயின் இருக்கும் பக்கம் முதல் சிலிண்டர். சில பிரெஞ்சு இன்ஜின்களில் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள், அதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். கோடை அழித்துவிட்டு, எந்த வேகத்தில் மிஸ் அடித்ததோ அதே மாதிரி ஓட்டிப் பார்த்தால் பி0303 வரும், அல்லது மறுபடி பி0301 வரும். பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது; 1,770 ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம். பி0301ஆகவே நின்றால் காயில் குற்றமற்றது. அதே மாதிரி முதல் பிளக்கை நான்காவதோடு மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு இடமாற்றத்தில் பொறி தொடர்பான கோளாறுகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். முதல் தாளை எழுதிய இடத்தில் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் எட்டு வரி வந்திருக்காது.

காயிலைக் கையில் எடுக்கும்போதே சில விஷயங்கள் கண்ணுக்குத் தெரியும். பிளக் குழியில் தண்ணீர் நிற்கலாம். பானெட்டைத் திறந்து பிரஷர் வாட்டர் அடித்த வாட்டர் வாஷின் மிச்சம் அது. எண்ணெய் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட் கசிகிறது. ரப்பர் குழாயில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் எர்த்துக்குத் தாவிய தடம். கப்ளருக்குப் போகும் வயரை எலி கடித்திருப்பதும் நம்மூரில் சாதாரணம்; ஒட்டுப்போட 200 முதல் 500 ரூபாய், வயரிங் செட்டே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பல ஆயிரம். தண்ணீரும் எலியும் காரணமாக இருக்கும்போது புதுக் காயில் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் பழைய காயிலின் வழியே போகும்.

“சார், ஒண்ணு போச்சுன்னா மத்ததும் பின்னாடியே வரும். நாலையும் மாத்திடலாம்” என்று சொல்வார்கள். இதில் பிளக்குக்கு உண்மை இருக்கிறது, காயிலுக்குப் பாதிதான். சாதாரண நிக்கல் பிளக்கின் ஆயுள் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர். 70,000 ஓடிய வண்டியில் அவை இன்னும் இருந்தால் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும். அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் இன்னும் அதிக வோல்ட் கொடுத்துச் சாகும். ஆகவே நான்கு பிளக்கும் 560 ரூபாய்க்கு மாற்ற வேண்டியதுதான். பழைய பிளக்கை வைத்துக்கொண்டு புதுக் காயில் போடுவதுதான் வீண். 14 மி.மீ. மரையுள்ள பிளக்கை 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் போதும். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை போய், 140 ரூபாய் பிளக் ஹெட் வேலையாக மாறும்.

காயில் கதை வேறு. கிளட்ச் மாதிரிப் பாகங்களில் கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரும் செலவு. ஒருமுறை இறக்கினால் பக்கத்தில் தேய்ந்த எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். காயிலில் மிச்சமாகும் கூலியே இல்லை, ஒரு போல்ட்தான். இன்று மூன்று காயிலை முன்கூட்டி மாற்ற 5,310 ரூபாய். அவை இன்னும் 50,000 கிலோமீட்டர் ஓடினாலும் ஓடும். நடுவழியில் நிற்க வேண்டுமே என்ற பயம் இருந்தால் ஒரே ஒரு உபரிக் காயிலை 1,770க்கு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கில் எது போனாலும் அது உதவும். இத்தனைக்கும் அந்தப் பழைய காயில் உழைத்த உழைப்பு கொஞ்சமல்ல. 70,000 கிலோமீட்டரைச் சராசரி 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால் 2,000 மணி நேரம். சராசரி 2,000 ஆர்.பி.எம். என்றால் 24 கோடி சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் 12 கோடி பொறி. கொடுத்த விலைக்கு ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 68,000 பொறி.

காயில் வாங்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22க்கு முன் வாகன உதிரிபாகங்கள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அன்று முதல் 18 சதவீதம். அடிப்படை விலை 1,500 என்றால் அப்போது 1,920, இப்போது 1,770. பழைய ஸ்டிக்கர் விலையையே இன்னும் வாங்கினால் காயிலுக்கு 150 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

மிஸ் அடிக்கும் வண்டியில் இரண்டாவதாக ஒரு கோடு சேர்ந்து வருவதுண்டு: பி0171, பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். இது பல பேருடைய பணத்தைத் தின்ற எண். எரியாத சிலிண்டர் தான் இழுத்த காற்றை, அதிலுள்ள 21 சதவீத ஆக்ஸிஜனோடு, அப்படியே சைலன்சர் பக்கம் தள்ளுகிறது. அங்கே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கும். எரியாமல் கூடவே வந்த பெட்ரோலை அதற்குத் தெரியாது. காற்று அதிகம் என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. கம்ப்யூட்டர் நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம் என்று ஒரு சதவீதம் ஓடும்; கூட்டல் கழித்தல் 10க்குள் இருந்தால் ஆரோக்கியம், கூட்டல் 25 பக்கம் போனால் பி0171. இந்தக் கோடைப் பார்த்துவிட்டு 3,000 ரூபாய்க்கு ஆக்ஸிஜன் சென்சார் மாற்றினால், உண்மையைச் சொன்ன சென்சாரைத் தூக்கி எறிகிறோம். மிஸ்ஸைச் சரிசெய்த பிறகும் பி0171 திரும்பி வந்தால் மட்டும் அதைத் துரத்துங்கள்.

இ20 பெட்ரோல் இந்த டிரிம் கணக்கில் சிறு பங்கு வகிக்கிறது. சுத்தமான பெட்ரோல் 1 கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும்; 20 சதவீத எத்தனால் கலந்தால் 13.5 அளவுக்கு இறங்கும். அதே காற்றுக்குக் கொள்ளளவில் 7, 8 சதவீதம் அதிக எரிபொருள் தேவை. இ10க்குச் சரிபார்க்கப்பட்ட இன்ஜினுக்கு வித்தியாசம் 4 சதவீதம் அளவில்தான். இதைக் கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும். தனியாக இதனாலேயே விளக்கு எரியாது. ஆனால் அந்த 25 சதவீத வரம்பில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டதால், சின்னக் காற்றுக் கசிவுகூட முன்பைவிடச் சீக்கிரம் எல்லையைத் தொடும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? முதலில் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 16 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 62.5 லிட்டர். முதல் சிலிண்டர் பத்துக்கு ஒரு முறை மட்டும் தவறினால் மொத்தத்தில் 2.5 சதவீத இழப்பு, 1.6 லிட்டர், 162 ரூபாய். இந்தச் சின்னத் தொகைதான் ஆபத்து. மைலேஜில் பெரிதாகத் தெரியாததால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். சிலிண்டர் முழுதாகச் செத்தால் மூன்று சிலிண்டர் நான்கின் வேலையைச் செய்ய வேண்டும், நான்காவதற்கும் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். மைலேஜ் 12க்கு இறங்கும். 1,000 கிலோமீட்டருக்கு 83.3 லிட்டர், கூடுதலாக 20.8 லிட்டர், 2,100 ரூபாய். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு முதல் மாதத்திலேயே காயில் விலையைத் தாண்டிவிட்டது.

அந்த எரியாத பெட்ரோல் போகும் இடம்தான் பெரிய செலவு. 60 கிலோமீட்டர் வேகத்தில், 12 கிலோமீட்டர் மைலேஜில், மணிக்கு 5 லிட்டர். கால் பங்கு எரியாமல் போனால் 1.25 லிட்டர். லிட்டருக்கு 30 மெகாஜூல் ஆற்றல் என்றால் மணிக்கு 37.5 மெகாஜூல், அதாவது 10.4 கிலோவாட். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் ஐந்தை ஒரு டப்பாவுக்குள் வைத்து நிறுத்தாமல் ஓடவிட்ட சூடு. அந்த டப்பா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே சதுர அங்குலத்துக்கு 400 துளை அளவில் தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அது வேலை தொடங்கவே 250 முதல் 300 டிகிரி வேண்டும், 400 முதல் 800 வரை நிம்மதியாக இருக்கும். 1,000 டிகிரியை ஒட்டிப் போனால் பூச்சு கெடும்; 1,400க்கு மேல் பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். 10.4 கிலோவாட் என்பது எல்லாம் அங்கேயே எரிந்தால் வரும் உச்ச அளவு. சில கார்களில் கம்ப்யூட்டரே அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்தி இதைத் தடுக்கும். உங்கள் கார் அந்த ரகமா என்று சோதித்துப் பார்ப்பதற்கான விலை ஒரு கன்வெர்ட்டர். 35,000 ரூபாய் என்று போடுங்கள், பல கார்களுக்கு அதற்கும் மேல். அப்போது ஸ்கேனரில் பி0420 வரும். 1,770 ரூபாய்க் காயிலைத் தள்ளிப்போட்டதற்கு 20 மடங்கு அபராதம்.

இடமாற்றச் சோதனை இரண்டும் பொய்த்து, பி0301 அப்படியே நின்றால் செலவுப் படிக்கட்டு ஏறும். மல்டிமீட்டரில் இன்ஜெக்டரைப் பார்ப்பது அடுத்த படி. வழக்கமாக 12 முதல் 16 ஓம் காட்டும், மற்ற மூன்றோடு ஒத்துப்போக வேண்டும். புது இன்ஜெக்டர் 2,000 முதல் 4,000. அதற்கு மேல் கம்ப்ரஷன் சோதனை, கூலி 500 முதல் 800. நல்ல பெட்ரோல் இன்ஜின் சதுர சென்டிமீட்டருக்கு 12 முதல் 14 கிலோ காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. முதல் சிலிண்டர் மட்டும் 8 காட்டினால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட் வேலை 15,000 பக்கம் தொடங்கும், ரிங் வேலை அதற்கும் மேல். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து டேப்பெட் இறுகுவது அதிகம் என்பதால், அங்கே ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலையாகக்கூட இருக்கலாம்.

சரிசெய்த பிறகு கோடை அழிக்காமல் விட்டாலும் தானே போகும். கோளாறு நடந்த அதே மாதிரிச் சூழலில் மூன்று ஓட்டம் சுத்தமாக இருந்தால் விளக்கு அணையும். நினைவிலிருந்து எண் மறைய 40 முறை இன்ஜின் சூடாகி ஆற வேண்டும். மிஸ்ஃபயருக்கு அந்தச் சூழல் மறுபடி அமையாவிட்டால் 80 முறை. சூடாவது என்றால் குளிர்நீர் குறைந்தது 22 டிகிரி ஏறி, 71 டிகிரியைத் தொடுவது. காலை மாலை அலுவலகம் போய்வரும் வண்டிக்கு 40 முறை என்பது 20 நாள். பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்வருவது கணக்கில் சேராது. புகைச் சோதனைக்குப் போகும் முன் இதை முடித்துவிடுவது நல்லது: பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் ஹைட்ரோகார்பன் எல்லை 200 பி.பி.எம்.; மிஸ் அடிக்கும் இன்ஜின் அதைச் சுலபமாகத் தாண்டும்.

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: வந்த கோடு எண், ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த ஆர்.பி.எம்., காயிலை இடம் மாற்றிப் பார்த்தபோது வந்த எண். மூன்றாவதை எழுத முடியாத கடையில் பாகம் வாங்க வேண்டாம். ஸ்கேன் காசை மட்டும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய காயிலையும் பிளக்கையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் எத்தனை எண்ணிக்கை இருக்கிறதோ, அத்தனை பழைய பாகம் கையில் வந்து சேர வேண்டும்.